கு, ஸவுலி: குரோ மக்களின் இரண்டு அழகிகள்

ஐவரி கோஸ்டின் குரோ மக்கள் பெண்ணழகை மரத்தில் இரண்டு விதமாகச் செதுக்கியிருக்கிறார்கள். 'கு' முகமூடி, ஸம்ப்ளே என்ற விலங்கு முகமூடியின் மனைவி. ஒடுங்கிய நீள முகம், புடைத்து உயர்ந்த நெற்றி, பாதி மூடிய கண்கள், சின்ன வாய், பார்த்துப் பார்த்துச் செதுக்கிய தலையலங்காரம். அதை அணிந்து ஆடும் ஆட்டமும் நிதானம்தான்.

இன்னொரு முகமூடியான ஸவுலிக்கும் கிட்டத்தட்ட அதே முகவெட்டு. ஆனால் பளிச்சென்று வண்ணம் பூசி, தலைக்கு மேல் பாம்பு, பறவை என்று ஏற்றிவிடுவார்கள். கால்கள் பறக்கும், மேலுடம்பு அசையாது. 2017-ல் யுனெஸ்கோவின் கலாச்சார மரபுப் பட்டியலில் ஏறியது இந்த ஆட்டம்தான். (இரண்டையும் அணிந்து ஆடுவது ஆண்கள்!)

ஆட்டம் பார்க்க ஸவுலி, சரி. முகத்தை மட்டும் வைத்துச் சொன்னால் என் ஓட்டு 'கு'வுக்கே. அந்த இமைகளின் அடக்கம் ஸவுலியின் வண்ணப்பூச்சில் எடுபடுவதில்லை.