பத்தாயிரத்துக்குள் ஒரு புரொஜெக்டர்: கலைவாணருக்கு ஃபர்ஸ்ட் கிளாஸ், கால்பந்துக்கு ஜஸ்ட் பாஸ்

கடைசி வரைக்கும் படிக்கப் பொறுமை இல்லாதவர்களுக்காக முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கறுப்பு வெள்ளைப் படம் பார்க்க இதைக் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். மேட்ச் பார்க்கத்தான் வாங்குகிறேன் என்றால் இன்னும் கொஞ்சம் காசு சேர்த்து நல்ல டிவியாகப் பார்த்து வாங்கிவிடுங்கள். இரண்டுக்கும் ஆசைப்படுபவர்கள் மட்டும் மேற்கொண்டு படித்தால் போதும்.

கம்பெனி பெயரைப் போடவில்லை. காரணம், இதே டப்பா ஆன்லைனில் வேறு வேறு பெயரில், வேறு வேறு நிறத்தில், ஐந்நூறு ரூபாய் கூடக்குறைய விற்கிறது, உள்ளே இருப்பது ஒன்றுதான். எல்லா அட்டைப்பெட்டியிலும் '4கே சப்போர்ட்' என்று கொட்டை எழுத்தில் இருக்கும். 4கே வீடியோவைக் கொடுத்தால் வாங்கிக்கொள்ளும் என்பதுதான் அதற்கு அர்த்தம், 4கேயில் காட்டும் என்பதல்ல. சுவரில் விழுவது 1280க்கு 720 புள்ளிதான். வெளிச்சக் கணக்கும் அப்படியே, லூமென்ஸ் என்று ஆயிரக்கணக்கில் போட்டிருப்பார்கள், அதில் 'ஆன்சி' (பொதுவான தர முறையில் அளந்தது என்று அர்த்தம்) என்ற சொல் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அந்த எண்ணை யார் வேண்டுமானாலும் எழுதலாம்.

இனி சுவர் கதை. எங்கள் குமரி மாவட்டத் தோவாளைப் பக்கம் ஆவணி மாதம் துணித்திரை கட்டுவது நடக்காத காரியம். ஆரல்வாய்மொழிக் கணவாயில் சீறிக்கொண்டு முப்பந்தல் காற்றாலைகளைச் சுழற்றுகிற அதே காற்று நம் மொட்டை மாடிக்கும் பாரபட்சம் பார்க்காமல் வரும். டபுள் வேட்டியை நாலு மூலையிலும் இழுத்துக் கட்டிப் பார்த்தோம். படத்தில் யார் வந்தாலும் கன்னம் உப்பி, வயிறு உப்பி, அடுத்த நொடியே எல்லாம் ஒட்டிப்போய், சோக சீனுக்கெல்லாம் பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

அதனால் மாடிப்படி அறையின் சுவர்தான் திரை என்று முடிவானது. தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு பருவமழையும் வாங்குகிற மாவட்டம், வெளிச்சுவர் என்றால் பாசி இல்லாமல் இருக்குமா? வெள்ளிக்கிழமை சாயந்திரமே பிளீச்சிங் பவுடரைக் கரைத்து அடித்து, ஊறவிட்டு, கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்துக் கழுவியாயிற்று. பச்சைத் தண்ணீர் படியெல்லாம் ஓடி, அதையும் நானே கழுவ வேண்டியதாயிற்று, அது தனி. வீட்டில் பல மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்த வேலை இது. புரொஜெக்டர் வந்தபிறகுதான் நகர்ந்தது என்பதால் இதையும் அதன் நல்ல அம்சங்களில் சேர்த்துக்கொள்ளச் சொல்லி வீட்டம்மா உத்தரவு.

சனிக்கிழமை காலை பிரைமர், மத்தியானம் வெள்ளை எமல்ஷன். பெயின்ட் கடையில் மழைக்கு நல்லது என்று பளபளப்பு ரகத்தையே தள்ளிவிடப் பார்ப்பார்கள், அசையாதீர்கள், மேட் ஃபினிஷ்தான் வேண்டும். பளபளப்புச் சுவரில் படத்துக்கு நடுவே வெளிச்சம் ஒரு வெள்ளை வட்டமாகத் தெறிக்கும். சுற்றிலும் நாலு விரல் அகலத்துக்குக் கறுப்பு பார்டர் அடித்துவிட்டால் படம் இன்னும் எடுப்பாக நிற்கும். இந்த யோசனை அக்கா மகனுடையது, பார்டரைக் கோணலாக அடித்ததும் அவன்தான்.

பெயின்ட் காய்கிற நேரத்தில் என் பொழுதுபோக்கு வேலை. எனக்கு மரவேலையில் கொஞ்சம் கிறுக்கு உண்டு, கதவு செய்தபோது மிஞ்சிய அயனிப் பலகை ஒன்று சும்மா கிடந்தது, அதில் ஒரு ஸ்டாண்டு செய்தேன். சும்மா ஒரு ஸ்டூல் போதாதா என்று கேட்கலாம். புரொஜெக்டரைத் தாழ்வாக வைத்து மேல்நோக்கிச் சாய்த்தால் படம் மேலே அகலமாகவும் கீழே குறுகலாகவும் விழும். அதைச் சரிசெய்ய 'கீஸ்டோன்' என்று ஒரு வசதி கொடுத்திருக்கிறார்கள், பட்டனை அழுத்தினால் படம் நேரான செவ்வகமாகிவிடும். ஆனால் அது லென்ஸைத் திருப்புவதில்லை, படத்தை உள்ளேயே சுருக்கி வளைத்துத்தான் சரிசெய்கிறது. இருக்கிற 720இலும் கொஞ்சம் போய்விடும், எழுத்தெல்லாம் பிசிறடிக்கும். ஆகவே சுவரின் நடு உயரத்துக்கு நேராக வைக்கிற மாதிரி ஸ்டாண்டு, அடியில் மூன்று போல்ட், திருகினால் ஏறி இறங்கும். சுவரிலிருந்து 9 அடி தள்ளி வைத்தால் 100 அங்குலப் படம் கிடைக்கிறது. ஸ்டாண்டு புரொஜெக்டரை விட நன்றாக வந்திருக்கிறது என்று வந்தவர்கள் சொன்னார்கள், நானாகச் சொல்லவில்லை.

சனி ராத்திரி, எட்டு மணிக்கு மேல், நல்ல இருட்டில் போட்டது 1949இல் வந்த 'நல்லதம்பி'. கிருஷ்ணன்-பஞ்சு இயக்கம், வசனம் அண்ணா, அதையெல்லாம் விட முக்கியமாக நம்ம ஒழுகினசேரிக்காரர் என்.எஸ்.கே. நாகர்கோவிலில் அவர் சிலையைச் சுற்றிக்கொண்டு பஸ் பிடிக்க ஓடுகிறோமே தவிர, அவர் படத்தை எத்தனை பேர் உட்கார்ந்து பார்த்திருக்கிறோம்? கிந்தனார் காலட்சேபம் வரும்போது, அதுவரை போனை நோண்டிக்கொண்டிருந்த அக்கா மகன் நிமிர்ந்து உட்கார்ந்தான். பள்ளிக்கூடம் போன கிந்தனின் கதையை அவர் சொல்லச் சொல்ல, பக்கத்தில் கிழங்கும் சாளைக்கறியும் ஆறிக்கொண்டிருந்தது.

இந்த இயந்திரத்துக்கும் பழைய படத்துக்கும் ஏன் இவ்வளவு பொருத்தம் என்று அப்போதுதான் புரிந்தது. விலை குறைந்த புரொஜெக்டரின் பெரிய நோய், நடுவில் ஃபோகஸ் வைத்தால் மூலைகள் மங்கும், மூலையைச் சரிசெய்தால் நடு மங்கும். பழைய படமோ 4க்கு 3 என்ற கிட்டத்தட்டச் சதுரமான அளவு. 100 அங்குலப் படத்தில் அது நடுவிலே 82 அங்குலம் போலத்தான் நிற்கும், இரண்டு பக்கமும் வெறும் பட்டை. ஆக மங்குகிற மூலைகள் நாலும் அந்தப் பட்டைக்குள் போய்விடுகின்றன! நிறமும் அதேபோல, இந்த எல்.இ.டி. விளக்கு முகத்தையெல்லாம் நீலம் பாரிக்க வைக்கும், கலர் படத்தில் அது சகிக்காது, கறுப்பு வெள்ளையில் செட்டிங்ஸில் போய் 'வார்ம்' என்று மாற்றினால் கதை முடிந்தது. சுத்தக் கறுப்பு வராது, கரும் சாம்பல்தான் வரும். ஆனால் தேய்ந்துபோன பழைய பிரதியில் சுத்தக் கறுப்பை யார் தேடப் போகிறார்கள்.

ஒலியும் அப்படித்தான். உள்ளே இருப்பது ஒரே ஒரு சின்ன ஸ்பீக்கர், பேஸ் என்ற பேச்சே கிடையாது. அந்தக் காலத்துப் படத்தின் ஒலியும் ஒற்றைத் தடம்தான், வசனம் கணீரென்று கேட்டது. புளூடூத் ஸ்பீக்கரை மாட்டினால் வாய் அசைந்து கொஞ்சம் கழித்துத்தான் குரல் வருகிறது, ஆக்ஸ் வயர் போட்டால் சரியாகிவிடும்.

ஃபேன் சத்தத்தைப் பற்றிப் புகார் எழுதுகிறவர்கள் அறைக்குள் வைத்துப் பார்ப்பவர்களாக இருக்கும். இங்கே காற்று அதை முழுங்கிவிட்டது.

அப்புறம் ஞாயிற்றுக்கிழமை. வள்ளவிளையிலிருந்து நண்பன் வந்திருந்தான். தூத்தூர் பக்கத்து ஊர்களைப் பற்றித் தெரியாதவர்களுக்கு ஒரு வரி: மாநில அணிகள் மோதுகிற சந்தோஷ் டிராபி வரைக்கும் ஆடப் போனவர்கள் இருக்கிற கடற்கரை அது, அங்கே கால்பந்து பேசுகிறவர்களிடம் சும்மா எதையும் காட்டிவிட முடியாது. இங்கிலீஷ் பிரீமியர் லீக்கில் அந்த ஊர் நேரம் மத்தியானம் 2 மணி மேட்ச் இந்த மாதத்தில் நமக்குச் சாயந்திரம் 6.30. சூரியன் விழுகிற நேரம். முதல் பாதி பூராவும் சுவரில் தெரிந்தது எங்கள் பெயின்ட் வேலையின் நேர்த்தி மட்டும்தான். சனிக்கிழமை 5 மணி மேட்சை நினைத்தே பார்க்காதீர்கள்.

9 மணி மேட்ச் தெரிந்தது. தெரிந்தது என்ற அளவில்தான். பழைய படத்தில் ஒளிந்துகொண்ட குறை எல்லாம் இங்கே வரிசையாக வெளியே வந்தது. ஸ்கோரும் நேரமும் போடுவது எங்கே? மேல் மூலையில். மங்குவது எங்கே? அதே மூலையில். எழுந்து கிட்டப் போய்ப் படித்துவிட்டு வந்து உட்கார வேண்டியிருக்கிறது. கேமரா தூரத்திலிருந்து முழு மைதானத்தையும் காட்டும்போது பந்து சின்னப் புள்ளி, நீளமாக அடித்த பாஸில் அது வால் முளைத்து இழுபட்டுப் போகிறது. நண்பன் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, "எலே மக்கா, பந்து எங்கடே?" என்று கேட்டான். அதற்குமேல் விமர்சனம் தேவையில்லை. கூட்டத்தின் ஆரவாரம் அந்த ஸ்பீக்கரில் எண்ணெய்ச் சட்டியில் கடுகு வெடிக்கிற மாதிரி கேட்டது.

இதில் புரொஜெக்டரின் குற்றமல்லாத ஒரு கொடுமையும் உண்டு. ஆப் வழியாகப் பார்த்தால் டிவிக்குச் சில வினாடிகள் பின்னால்தான் வரும். எங்கள் ஆள் கார்னர் அடிக்கப் பந்தை இப்போதுதான் வைக்கிறான், பக்கத்து வீட்டில் டிஷ் வைத்திருக்கிறவர்கள் "கோல்!" என்று கத்திவிட்டார்கள். அக்கா மகன் மாடிச் சுவரோரம் போய், "அண்ணே, கொஞ்சம் மெதுவாக் கத்துங்க" என்று கெஞ்சிவிட்டு வந்தான். அடுத்த கோலுக்கு இன்னும் சத்தமாகக் கத்தினார்கள்.

போனிலிருந்து நேராகத் திரையைக் காட்டலாம் என்று பெட்டியில் எழுதியிருப்பதை நம்ப வேண்டாம். காப்பி எடுக்க முடியாதபடி பூட்டுப் போட்ட ஆப்களில் அப்படிக் காட்டினால் சத்தம் மட்டும் வரும், படம் கறுப்பாகவே நிற்கும். ஃபயர் ஸ்டிக் மாதிரி ஒன்றை எச்.டி.எம்.ஐ.யில் சொருகினால்தான் வேலை நடக்கும், அந்தச் செலவையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். கரண்ட் போனால் இன்வெர்ட்டர் தாராளமாகத் தாங்குகிறது, ஆனால் வைஃபை பெட்டியும் இன்வெர்ட்டர் லைனில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் பென் டிரைவில் இருக்கிற படம்தான் கதி. மழை விட்ட ராத்திரி ஈசல் கிளம்பினால் நேராக லென்ஸுக்குத்தான் வரும், சுவரில் ஈசல் ஒவ்வொன்றும் காக்கா அளவுக்குத் தெரியும், அன்றைக்குக் கடையைக் கட்டிவிடுவது நல்லது. கடலோரத்தில் வீடு உள்ளவர்கள் பார்த்து முடித்ததும் கீழே எடுத்துவந்து மூடி வையுங்கள், உப்புக்காற்று சும்மா விடாது.

வாரன்டி அட்டையில் உள்ள எண்ணுக்கு அழைத்தால் மணி மட்டும் அடிக்கிறது. ஆகவே ஆன்லைனில் வாங்கினால் திருப்பி அனுப்பும் கெடு முடிவதற்குள் ஒரு முழுப் படத்தையும் ஒரு முழு மேட்சையும் ஓட்டிப் பார்த்துவிடுங்கள். கொஞ்ச நேரம் ஓட்டினால் சூடாவது தெரியாது, இரண்டாவது மணி நேரத்தில்தான் ஃபோகஸ் தானாக நழுவ ஆரம்பிக்கும். எனக்கு வந்ததில் லேசாக நழுவுகிறது, இடைவேளையில் ஒருமுறை திருகி வைத்தால் போதும் என்பதால் வைத்துக்கொண்டேன். அடிக்கடி எழுந்து திருக வேண்டியிருந்தால் யோசிக்காமல் திருப்பி அனுப்பிவிடுங்கள்.