குரோம் பாகங்களை உரிக்க: பிளீச்சா, டிகிரீசரா, பிரேக் ஆயிலா?

பிளாஸ்டிக் பாகங்களை ஒட்டிச் செய்யும் மாடல் கார் கிட்டின் குரோம் முலாம் பூசிய பம்பர், கிரில், வீல் எல்லாம் பெட்டியிலிருந்து எடுக்கும்போது பளபளவென்று அழகாகத்தான் இருக்கும். ஒட்ட உட்காரும்போதுதான் தொல்லை. மாடல் சிமென்ட் என்ற பசை, பாகங்களின் பிளாஸ்டிக்கான பாலிஸ்டைரீனைக் கரைத்து ஒட்டுவது; முலாமுக்கு மேல் தடவினால் பிடிக்காது. ஸ்ப்ரூவிலிருந்து, அதாவது பாகங்களைத் தாங்கும் பிளாஸ்டிக் சட்டத்திலிருந்து, வெட்டிய இடம் பல்லிளிக்கும்; அச்சின் இரு பாதிகள் சேருமிடத்தில் விழும் கோட்டைத் தேய்க்கவும் முடியாது. அதனால் முலாமை முழுக்க எடுத்துவிட்டு உலோகப் பெயின்ட் அடிப்பதே என் வழக்கம்.

எடுக்க மூன்று வழிகள் பரவலாகப் புழங்குகின்றன: வீட்டு பிளீச், காரம் (ஆல்கலி) மிகுந்த டிகிரீசர் என்ற எண்ணெய்ப்பிசுக்கு நீக்கி, பிரேக் ஆயில். நான் டிகிரீசர் பக்கம். பர்ப்பிள் பவர், சூப்பர் கிளீன் மாதிரியானவை.

முலாம் போகும் வேகத்தை மட்டும் பார்த்தால் பிளீச்சும் சளைத்ததல்ல. மின்னுவது குரோமியம் இல்லை. வெற்றிட அறையில் ஆவியாக்கிப் படியவைத்த அலுமினியம், ஒரு மைக்ரானை விட மிக மெல்லியது. பிளீச்சில் போட்டால் பெரும்பாலும் சில நிமிடங்களில் காணாமல் போய்விடும். விலையும் மலிவு. சரி, அப்புறம் என்ன பிரச்சினை?

அடியில் இருக்கும் லாக்கர் என்ற வார்னிஷ் போன்ற பூச்சுதான். அலுமினியம் வழவழப்பாகப் படிய வேண்டும் என்பதற்காக முதலில் பிளாஸ்டிக் மேல் ஒரு லாக்கர் பூச்சு கொடுத்திருப்பார்கள். முலாமை விட இது பல மடங்கு தடிமன். கிரில் இடுக்குகளிலும் எழுத்துகளின் ஓரங்களிலும் தேங்கி நுணுக்கங்களை மழுங்கடித்திருக்கும். பிளீச் இதைத் தொடுவதில்லை. குளித்து வந்த பாகம் சுத்தமாகத் தெரியும்; உற்றுப் பார்த்தால் லேசான மஞ்சள் சாயலோடு ஒரு தோல் மிச்சமிருக்கும். அதன் மேலும் சிமென்ட் ஒழுங்காகப் பிடிக்காது. உப்புத்தாளில் தேய்த்தால் ஓரம் பிசிறி மேடுபள்ளமாகும், அந்த மேடுபள்ளம் பெயின்டுக்கு மேலும் தெரியும். பளபளப்பு உலோகப் பெயின்ட் என்றால் கேட்கவே வேண்டாம், எல்லாக் குறையையும் காட்டிக்கொடுக்கும்.

டிகிரீசர் ஜெயிப்பது இங்கேதான். அதிலுள்ள காரம் அலுமினியத்தைத் தின்றுவிட்டு லாக்கரையும் இளக வைக்கும். ஓர் இரவு ஊறப்போட்டுப் பழைய டூத் பிரஷால் தேய்த்தால் தோல் சுருண்டு வந்துவிடும். எல்லாக் கிட்டிலும் இப்படி மசியும் என்று சொல்ல மாட்டேன். சில லாக்கர் பிடிவாதம் பிடிக்கும். அவற்றை நன்றாகக் கழுவிவிட்டு 90 சதவீதத்துக்கு மேலான ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் ஊறவைத்துத் தேய்க்கலாம். அசிட்டோன் பக்கம் மட்டும் போகாதீர்கள், பாகமே கரைந்துவிடும். டிகிரீசரை ஜாடியில் வைத்துத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தலாம் என்பது கூடுதல் வசதி. பிளீச் கிடக்கக் கிடக்க வீரியம் இழக்கும்.

டிகிரீசர் கிடைக்காவிட்டால் சோடியம் ஹைட்ராக்சைடு கலந்த ஓவன் கிளீனரும் கிட்டத்தட்ட அதே வேலையைச் செய்யும், நெடிதான் அதிகம். எதுவானாலும் கையுறை, கண்ணாடி, திறந்த ஜன்னல் வேண்டும். காரமும் அலுமினியமும் சேர்ந்தால் ஹைட்ரஜன் வெளியாகும், ஆகவே அலுமினியப் பாத்திரம் கூடாது, மூடியையும் இறுக்கக் கூடாது. பிளீச்சோடு அமிலத்தையோ அம்மோனியாவையோ கலந்தால் விஷவாயு வரும்.

பிரேக் ஆயில் பழைய கைகளின் வழி. டாட் என்பது பிரேக் ஆயிலின் தர வகை; கிளைக்கால் வகையான டாட் 3 லாக்கரை இளக்கும். சிலிக்கோன் வகையான டாட் 5 இதற்கு உதவாது. நான் இதை அதிகம் பழகியதில்லை, அதனால் வேகத்தைப் பற்றி அடித்துப் பேச மாட்டேன். ஆனால் பிசுபிசுப்பு, கழுவும் பாடு, பயன்படுத்தியதைச் சாக்கடையில் ஊற்றக் கூடாது என்ற கட்டுப்பாடு எல்லாம் சேர்ந்து, வேறு வழி இருக்கும்போது எதற்கு என்று தோன்றவைக்கிறது.

ஒரு விதிவிலக்கு: ஏபிஎஸ் பிளாஸ்டிக்கில் மின்முலாம் பூசிய பாகங்கள். அவற்றின் மேல் நிஜமான நிக்கலும் குரோமியமும் இருக்கும். இந்தக் குளியல் எதற்கும் அசையாது. அவற்றை அப்படியே விட்டு, ஒட்டும் இடத்தை மட்டும் சுரண்டிவிட்டு எபாக்சி பசை போடுங்கள்.

ஸ்ப்ரூ சட்டத்திலும் அதே முலாம் இருப்பதால் ஒரு துண்டு வெட்டி முதலில் அதை ஊறப்போடலாம். எடுத்ததும் கத்தி முனையால் மெல்லக் கீறிப் பாருங்கள். மெல்லிய தோல் உரிந்து வந்தால் லாக்கர் இன்னும் போகவில்லை, திரும்ப உள்ளே போடுங்கள்.