ஸ்லீவா, பைபாஸா? ஐந்து வருடம் கழித்துப் பசி எப்படி இருக்கும்

எடைக் குறைப்பு ஆபரேஷனுக்கு முடிவெடுத்து, காரைக்குடி தேவகோட்டைப் பக்கத்திலிருந்து மதுரைக்கோ திருச்சிக்கோ போகிறவர்கள் டாக்டரிடம் முதலில் கேட்பது, "எதில் சீக்கிரம் எடை குறையும்?" என்பதைத்தான். இரைப்பையைச் சின்னதாக்கும் இந்த ஆபரேஷனில் ஸ்லீவ், பைபாஸ் என்று இரண்டு வகை உண்டு. அந்தக் கேள்வியை வைத்து இரண்டையும் பிரித்துப் பார்ப்பது கடினம். முதல் சில மாதங்களில் இரண்டிலுமே பசி என்ற ஒன்று இருப்பதே தெரியாது. அரை இட்லியில் கை தானாக நின்றுவிடும். வித்தியாசம் வெளியே தெரிவது இரண்டு மூன்று வருடத்துக்கு அப்புறம். பசி எந்த உருவத்தில் திரும்பி வருகிறது, ஒரு வேளைக்கு எவ்வளவு இறங்குகிறது, எந்தப் பண்டத்தில் வயிறு தடுக்கிறது, எதில் தடுக்காமல் விட்டுவிடுகிறது என்பதெல்லாம் அப்போதுதான் புரியும். நாற்பது வயதில் ஆபரேஷன் செய்துகொள்பவர் இன்னும் முப்பது, நாற்பது வருடம் அந்த வயிற்றோடு வாழப் போகிறவர். ஒப்பிட வேண்டியது அந்த வருடங்களைத்தான்.

எங்கள் குடும்பத்தில் இரண்டு வகையும் உண்டு. பெரியம்மா மகள் அக்காவுக்கு ஸ்லீவ், அவருடைய கொழுந்தனாருக்கு பைபாஸ். ஒரே அடுப்பில் சமைத்ததைத்தான் இருவரும் சாப்பிடுகிறார்கள். ஆனால் சாப்பிட்ட பிறகு இருவர் உடம்பும் ஒரே மாதிரி நடந்துகொள்வதில்லை.

ஸ்லீவில் இரைப்பையின் முக்கால் பங்குக்கு மேல் வெட்டி எடுத்துவிடுகிறார்கள். மிஞ்சுவது வாழைக்காய் போல நீண்ட ஒரு குழாய். 100 முதல் 150 மில்லி பிடிக்கும். குடலைத் தொடுவதில்லை. 1999-ல் ஜப்பானிய விஞ்ஞானிகள் கோஜிமாவும் கங்காவாவும் கண்டறிந்த கிரெலின் என்ற பசி ஹார்மோன் பெரும்பாலும் சுரப்பது, வெட்டி எடுக்கப்படும் அந்த மேல்பகுதியில்தான். பைபாஸில் எதையும் எடுத்துப் போடுவதில்லை. இரைப்பையின் உச்சியில் சுமார் 30 மில்லி அளவுக்கு ஒரு சின்னப் பையைப் பிரித்து, அதை நேரே சிறுகுடலின் நடுப்பகுதியோடு இணைக்கிறார்கள். மீதி இரைப்பை சாப்பாடு படாமல் உள்ளேயே இருக்கும். சாப்பாடு வேகமாகக் குடலுக்குள் இறங்குவதால் ஜிஎல்பி-1, பிஒய்ஒய் போன்ற 'போதும்' என்று சொல்லும் ஹார்மோன்கள் ஏராளமாகச் சுரக்கின்றன. ஸ்லீவிலும் இவை ஓரளவு கூடும். ஆனாலும் ஸ்லீவ் முக்கியமாகப் பசியின் குரலைக் குறைக்கிறது, பைபாஸ் நிறைவின் குரலைக் கூட்டுகிறது என்று வைத்துக்கொண்டால் பின்னால் வருவது எளிதாகப் புரியும்.

எடை கொஞ்சம் திரும்பி ஏறுவது இரண்டிலும் இயல்பு. 1987-ல் தொடங்கிய ஸ்வீடன் ஆய்வில் பைபாஸ் செய்தவர்கள் ஒன்றிரண்டு வருடத்தில் சராசரியாக 32 சதவீத எடை குறைந்தார்கள். பத்தாம் வருடத்தில் அந்தக் குறைவு 25 சதவீதமாக இருந்தது. நூறு கிலோ இருந்தவர் 68-க்கு இறங்கி, பிறகு 75-ல் நின்றார் என்று கணக்கு. இதைத் தோல்வி என்று நினைத்து டாக்டரிடம் போகவே கூச்சப்படுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். மனது வலிக்கிறது. அந்த ஏழு கிலோவுக்காக யாரும் தலை குனிய வேண்டியதில்லை.

சரி, அளவுக்கு வருவோம். சில வருடம் ஆனபின் இரண்டு வகையினரும் ஒரு வேளைக்கு ஏறக்குறைய ஒரு கிண்ணம், மிஞ்சினால் ஒன்றரைக் கிண்ணம் சாப்பிடுகிறார்கள். ஸ்லீவ் குழாய் காலப்போக்கில் கொஞ்சம் விரியும். பைபாஸில் பையும் தளரலாம், பையும் குடலும் சேரும் வாயும் அகலலாம். ஆகவே கிண்ணத்தின் அளவை மட்டும் பார்த்தால் இரண்டும் சமம்போலத்தான் தோன்றும். கிண்ணத்துக்குள் என்ன இருக்கிறது என்பதில்தான் பிரிவு வருகிறது.

கெட்டியான, மென்று தின்ன வேண்டிய சாப்பாட்டில் இரண்டு வயிறும் இன்றைக்கும் கட்டுப்பாடாகத்தான் இருக்கின்றன. உப்புக்கறி நாலைந்து துண்டு, கூடக் கொஞ்சம் பொரியல் என்றால் அக்காவுக்கு நிறைந்துவிடும். கொழுந்தனாருக்கு அதுவே சரியாக மெல்லாவிட்டால் நெஞ்சில் நிற்கும். பைபாஸின் இணைப்பு வாய் சின்னது என்பதால் காய்ந்த கறியும் அவசரமும் அதற்கு ஒத்துவருவதில்லை. மீன் குழம்பில் கிடந்த மீன் துண்டு இருவருக்கும் சுகம். ஆனால் அதே வேளையில் சாதத்தைக் குழம்பு விட்டுக் குழைத்து, அடுத்து ரசம், அடுத்து மோர் என்று போனால் கதை மாறிவிடுகிறது. குழைந்த சோறு தண்ணீரோடு சேர்ந்து வழுக்கிக்கொண்டு இறங்கிவிடும். ஸ்லீவ்காரர்களால் இப்படி ஆச்சரியப்படும் அளவுக்குச் சாப்பிட முடிகிறது, அப்படியும் ஒரு மணி நேரத்தில் மறுபடி பசிக்கிறது. சாப்பாட்டோடு தண்ணீர் குடிக்காதே, அரை மணி நேரம் கழித்துக் குடி என்று டயட்டீஷியன்கள் சொல்வது இதற்காகத்தான். நம் ஊர்ச் சாப்பாட்டு முறையில் இதன் அர்த்தம், கறி, மீன், முட்டை, பருப்பு, காய் முதலில். சோறு கடைசியில், கொஞ்சமாக. ரசத்தைத் தனியாக, தள்ளி. ஒரு நாளைக்கு 60 முதல் 80 கிராம் புரோட்டீன் வேண்டும். ஒரு முட்டையில் இருப்பது ஆறு கிராம்தான். சோற்றை முதலில் போட்டுக்கொண்டால் அந்தக் கணக்கு எந்த நாளும் நேராகாது.

இப்போது பசி. ஸ்லீவில் கிரெலின் பழைய அளவைவிடக் குறைந்தே இருந்தாலும், நாள் ஆக ஆகப் பசி திரும்பி வருகிறது. அது பழகிய பசிதான். வயிறு கிள்ளும், நேரத்துக்கு வரும், சாப்பிட்டால் அடங்கும். அக்காவுக்குப் பதினோரு மணிக்கும் மாலை நாலு மணிக்கும் அது வந்துவிடுகிறது. பைபாஸில் வருவது சில நேரம் பசியே இல்லை. இனிப்போ வெறும் மாவுப் பண்டமோ சாப்பிட்டு ஒன்றிலிருந்து மூன்று மணி நேரத்துக்குள் ரத்தச் சர்க்கரை திடீரென இறங்கிவிடுகிறது. கை நடுக்கம், வியர்வை, படபடப்பு, கூடவே அடக்க முடியாத பசி. ஆபரேஷன் முடிந்து ஒரு வருடம் தாண்டியபின் முதல்முறையாக வந்து பலரைக் குழப்பும் விஷயம் இது. ஸ்லீவிலும் வரலாம், பைபாஸில் அதிகம். அந்த நேரத்தில் ஒரு லட்டைப் போட்டுக்கொண்டால் உடனே தெளியும். இரண்டு மணி நேரத்தில் மறுபடி இறங்கும், மறுபடி தின்னத் தோன்றும். இந்தச் சுழலில் மாட்டி எடை ஏறியவர்களை "வாயைக் கட்டத் தெரியலை" என்று வீட்டில் திட்டுவது பெரிய அநியாயம். சர்க்கரை இறங்கிக் கிடக்கும்போது உடனே கொஞ்சம் இனிப்பு கொடுத்துத்தான் ஆகவேண்டும். ஆனால் அதோடு ஒரு முட்டையோ ஒரு கைப்பிடி வேர்க்கடலையோ சேர வேண்டும். அடிக்கடி வந்தால் டாக்டரைப் பார்க்க வேண்டும், இதற்கு மாத்திரையும் உண்டு.

செட்டிநாட்டில் வாழ்கிறவர்களுக்கு இந்த ஒப்பீட்டின் நடுநாயகம் இடைப்பலகாரம்தான். கல்யாணப் பந்தியைப் பார்த்துத்தான் எல்லோரும் பயப்படுகிறார்கள். பந்தி வருடத்தில் சில நாள். தேன்குழலும் சீப்புச் சீடையும் மாவுருண்டையும் வீட்டு டின்னில் தினமும் இருக்கின்றன. 100 கிராம் முறுக்கில் ஏறக்குறைய 500 கலோரி. அதே எடை சோற்றில் 130. சோறு வயிற்றை அடைக்கும். முறுக்கு வாயில் நொறுங்கிப் பொடியாகி இறங்கிவிடும், அடைக்காது. ஸ்லீவுக்கு இங்கே எந்தத் தடுப்பும் கிடையாது. டிவி பார்த்துக்கொண்டே ஒரு மணி நேரத்தில் கால் கிலோ போனாலும் அந்தக் குழாய் ஒரு வார்த்தை பேசாது. அக்காவுக்கு ஏறிய எடை எல்லாம் மதியச் சாப்பாட்டில் ஏறியதல்ல, நாலு மணி டீயோடு ஏறியது என்பதை அவரே எழுதி வைத்துப் பார்த்துக் கண்டுபிடித்தார்.

பைபாஸில் இனிப்புக்கு ஒரு காவல் உண்டு. பால் பணியாரமோ கந்தரப்பமோ கொஞ்சம் கூடிப்போனால் பத்து நிமிடத்திலிருந்து அரை மணிக்குள் வயிறு பிசையும், நெஞ்சு படபடக்கும், வயிற்றுப்போக்கு வரும், படுத்தால் போதும் என்று இருக்கும். ஆடிக் கும்மாயம் ஒரு கரண்டிக்கு மேல் கொழுந்தனார் தொடுவதில்லை, அவர் உடம்பே அதைச் சொல்லிக் கொடுத்துவிட்டது. கவுனி அரிசியும் அப்படியே. "கவுனி உடம்புக்கு நல்லதுதானே" என்று கொடுப்பார்கள். அரிசி நல்லதுதான், அதில் விழுந்த சர்க்கரையையும் நெய்யையும் பைபாஸ் குடல் மன்னிக்காது. ஆனால் இந்தக் காவலை நம்பி மட்டும் பைபாஸ் பக்கம் போவதை நான் ஆதரிக்க மாட்டேன். எல்லோருக்கும் அது வருவதில்லை, வந்தவர்களுக்கும் வருடங்கள் போகப்போகக் குறைகிறது. முக்கியமாக, அது காரப் பலகாரத்தைத் தடுப்பதில்லை. முறுக்கு பைபாஸையும் ஏமாற்றிவிடும்.

பந்தியில் பிரச்சினை வயிற்றில் இல்லை, உபசாரத்தில் இருக்கிறது. "என்ன ஆச்சி, இலையில ஒண்ணுமே போகலையே, இன்னொரு பணியாரம் வைக்கிறேன்" என்று அன்போடு கேட்பவரிடம் மறுப்பது நம் ஊரில் சுலபமில்லை. அக்கா சொல்வது, "வச்சது இருக்குப்பா, மெதுவாத்தான் சாப்பிடுவேன், நீங்க அடுத்த இலையைப் பாருங்க." வேண்டாம் என்ற சொல்லே அதில் வராது. முதல் பந்தியில் உட்காராமல், அடுத்த பந்திக்கு ஆள் காத்து நிற்காத கடைசிப் பந்தியில் உட்கார்ந்தால் நிதானமாக மெல்லவும் முடியும். வேகமாகச் சாப்பிடுவது இரண்டு வயிற்றுக்கும் ஆகாது.

நெஞ்செரிச்சலில் பைபாஸ் தெளிவாக முந்துகிறது. பின்லாந்தில் 240 பேரை இரண்டு பிரிவாகப் பிரித்துப் பத்து வருடம் பின்தொடர்ந்து 2022-ல் வெளியிட்ட ஆய்வில், உணவுக்குழாய்ப் புண் ஸ்லீவ்காரர்களில் 31 சதவீதம் பேருக்கு இருந்தது, பைபாஸில் 7 சதவீதம். எடைக் குறைவிலும் பைபாஸ் கொஞ்சம் மேலே நின்றது. இந்த எரிச்சலுக்கும் பசிக்கும் ஒரு தொடர்பு உண்டு. எரிச்சலைப் பசி என்று நினைத்து, எதையாவது சாப்பிட்டால் அடங்கும் என்று ராத்திரி பத்து மணிக்கு டின்னைத் திறப்பவர்கள் இருக்கிறார்கள். வரமிளகாய் அரைத்த கோழிக் குழம்பை ராத்திரி சாப்பிட்டு உடனே படுப்பதும் ஸ்லீவ்காரர்களுக்கு நல்லதில்லை.

சத்துக் குறைவில் ஸ்லீவ் கொஞ்சம் பாதுகாப்பு. பைபாஸில் இரும்பும் கால்சியமும் உறிஞ்சப்படும் பாதையே தாண்டப்படுகிறது, பி12 உறிஞ்சத் தேவையான இரைப்பைச் சுரப்பும் சாப்பாட்டோடு சரியாகச் சேர்வதில்லை. மாத்திரை ஆயுளுக்கும் வேண்டும். ஸ்லீவிலும் வேண்டும், விட்டால் வரும் சேதம் பைபாஸில் பெரிது. இரும்பு மாத்திரையை டீயோடு போடக் கூடாது, கால்சியத்தை அதிலிருந்து இரண்டு மணி நேரம் தள்ளிப் போட வேண்டும். இன்னொன்று: முட்டி வலிக்கு மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கும் வலி மாத்திரைகள் பலவும் பைபாஸ் இணைப்பில் புண்ணை உண்டாக்கும். ஆபரேஷன் செய்த விஷயத்தைச் சொல்லாமல் எந்த வலி மாத்திரையும் வாங்கக் கூடாது.

என்னைக் கேட்டால் இப்படித்தான் பிரிப்பேன். ஏற்கெனவே நெஞ்செரிச்சல் உள்ளவர், சுகர் கட்டுக்குள் வராதவர், இனிப்புதான் தன் பலவீனம் என்று தெரிந்தவர் பைபாஸைப் பற்றி டாக்டரிடம் விரிவாகப் பேச வேண்டும். ரத்தசோகை உள்ளவர், மாத்திரையை மறக்கிறவர், முட்டி வலி மாத்திரை இல்லாமல் நடக்க முடியாதவர், ரத்தப் பரிசோதனைக்கு வருடா வருடம் போய்வர ஆள் துணை இல்லாதவர் ஆகியோருக்கு ஸ்லீவ் பொருந்தும். ஸ்லீவிலிருந்து பின்னால் பைபாஸுக்கு மாற வழி உண்டு. ஆனால் வெட்டி எடுத்த இரைப்பை திரும்பி வராது. பலகாரம்தான் தன் பலவீனம், அதுவும் காரப் பலகாரம் என்பவருக்கு இரண்டு ஆபரேஷனும் தனியாக உதவாது. அவர் வீட்டு டின் எங்கே இருக்க வேண்டும் என்பதை ஆபரேஷனுக்கு முன்பே குடும்பத்தோடு பேசி முடிப்பது நல்லது.

ஏற்கெனவே செய்துகொண்டு, இப்போது பசி கூடிவிட்டதே என்று கலங்குபவர்களுக்கும் வழி இருக்கிறது. 2025-ல் இந்தியாவில் விற்பனைக்கு வந்த மவுன்ஜாரோ, வீகோவி என்ற பசியைக் குறைக்கும் ஊசிகளை ஆபரேஷனுக்குப் பிறகு எடை ஏறியவர்களுக்கும் டாக்டர்கள் கொடுக்கிறார்கள். ஊசிக்கு முன் ஒரு வாரம் சாப்பிட்டதை நேரத்தோடு எழுதிக்கொண்டு போங்கள். எத்தனை மணிக்குப் பசித்தது, அதற்கு முன் என்ன சாப்பிட்டீர்கள், நடுக்கம் இருந்ததா, எரிச்சல் இருந்ததா என்ற நாலு குறிப்பு போதும். விரிந்த குழாயா, இறங்கும் சர்க்கரையா, நாலு மணி டின்னா என்று டாக்டரும் டயட்டீஷியனும் அதிலிருந்தே பெரும்பாலும் பிடித்துவிடுவார்கள்.