மொத்தமா அனுப்பலாமா, துண்டு துண்டா ஸ்ட்ரீம் பண்ணலாமா?

அசிங்க் சர்வர் (ஒரு வேலைக்குக் காத்திருக்கும்போதே வேற வேலையும் பாக்குற வெப் சர்வர்) எழுதுறவங்க ஒரு கட்டத்துல யோசிச்சே ஆகணும், பக்கத்தை முழுசா ரெடி பண்ணிட்டு அனுப்புறதா இல்ல ரெடியாக ரெடியாக அனுப்புறதான்னு.

மொத்தமா அனுப்புறது ஈஸி. நீளம் தெரியும், அத கன்டென்ட்-லெங்த் ஹெடர்ல போட்டுடலாம், நடுவுல டேட்டாபேஸ் படுத்துடுச்சுன்னா ஒழுங்கா 500னு சர்வர் எர்ரர் ஸ்டேட்டஸ் காட்டலாம். ஆனா இருக்கிறதுலயே ஸ்லோவான டேட்டாபேஸ் குவெரி முடியுற வரைக்கும் யூசர் வெள்ளை ஸ்கிரீனைத்தான் பாத்துட்டு இருக்கணும்.

ஸ்ட்ரீமிங்ல ஹெட் பகுதிய (சிஎஸ்எஸ், ஸ்கிரிப்ட் லிங்க் எல்லாம் இருக்கிற பக்கத்தோட மேல் பகுதி) முதல்லயே தள்ளி விட்டுடலாம், சர்வர் டேட்டாபேஸுக்காக அவெய்ட்ல காத்துட்டு நிக்கிற நேரத்துலயே பிரவுசர் சிஎஸ்எஸ், ஸ்கிரிப்ட் எல்லாம் இறக்க ஆரம்பிச்சுடும், இந்த ரெண்டு வேலையும் ஒரே நேரத்துல நடக்குது பாருங்க அதுதான் இதோட உண்மையான லாபம். ஃபேஸ்புக் 2010லயே பிக்பைப்னு இத பண்ணிக் காட்டினாங்க. நீளம் சொல்லாம துண்டு துண்டா அனுப்ப எச்டிடிபி 1.1ல சங்க்டு என்கோடிங்னு ஒரு முறை இருக்கு, எச்டிடிபி 2ல அது கிடையாது, அதோட டேட்டா ஃப்ரேமே பாத்துக்கும்.

சிக்கல் என்னன்னா, எல்லாம் சரின்னு சொல்ற 200 ஸ்டேட்டஸ் போயிடுச்சுன்னா போனது போனதுதான், பாதியில எர்ரர் வந்தா ஸ்டேட்டஸ மாத்த முடியாது. அப்புறம், கோடு சரியா இருந்தும் எல்லாம் ஒண்ணா வந்து விழுதுன்னா உங்க சர்வருக்கு முன்னாடி ப்ராக்ஸியா நிக்கிற என்ஜின்எக்ஸை பாருங்க, பதிலை சேத்து வெச்சு அனுப்புற ப்ராக்ஸி பஃபரிங் அதுல டீஃபால்ட்டாவே ஆன்ல இருக்கும், எக்ஸ்-ஆக்செல்-பஃபரிங் ஹெடருக்கு நோ குடுங்க. டேட்டாவ சுருக்கி அனுப்புற ஜிஜிப்பும், ஒவ்வொரு துண்டுக்கும் ஃப்ளஷ் பண்ணி வெளிய தள்ளலேன்னா சேத்து வெச்சுக்கும்.

என்னைக் கேட்டா, 50 மில்லிசெகண்ட்ல முடியுற பக்கத்துக்கு ஸ்ட்ரீமிங் தேவையே இல்ல. டாஷ்போர்டு, தேடல் மாதிரி ஒரு பகுதி மட்டும் இழுத்தடிக்குற பக்கம்னா கண்டிப்பா ஸ்ட்ரீம் பண்ணுங்க, லாகின் செக், ரீடைரக்ட் மட்டும் முதல் துண்டுக்கு முன்னாடியே முடிச்சுடுங்க.