மூடிலும் ஹெச்5பியும்: ஒளியியல் வகுப்பில் இரண்டு செமஸ்டர்கள்

பட்டப்படிப்பின் முதலாண்டு மாணவர்களுக்கு ஒளியியல் நடத்துவதற்காக பாடங்களை இணையவழி வழங்க உதவும் மூடில் தளத்தையும், அதனுள் இயங்கும், ஊடாடும் பாடங்களை உருவாக்கித் தரும் ஹெச்5பி கருவிகளையும் இரண்டு செமஸ்டர்களாகப் பயன்படுத்தி வருகிறேன். மார்ட்டின் டகியாமஸ் உருவாக்கி 2002-இல் முதல் பதிப்பு வெளியான மூடில், கட்டற்ற மென்பொருள் என்பதால் அதற்கு உரிமக் கட்டணம் இல்லை. சர்வரைப் பராமரிக்க மட்டும் ஆள் வேண்டும். அந்தச் சுமை கணினித் துறையின் தலையில் விழுந்துவிட்டதால், அதைப் பற்றி நான் கருத்துச் சொல்வது முறையாகாது.

முதல் செமஸ்டரில், மாணவர்களின் கற்றல் பாணியை அறிந்து அதற்கேற்பப் பாடத்தைப் பிரித்து வழங்குவதாக விளம்பரம் செய்த வேறொரு மென்பொருளையும் சேர்த்துப் பார்த்தோம்; அதன் பெயர் இங்கு வேண்டாம். நீல் ஃபிளெமிங் 1992-இல் முன்வைத்த, கற்றல் பாணிகளை நான்காகப் பிரிக்கும் வார்க் பகுப்பை வைத்துக்கொண்டு, அது சில கேள்விகள் கேட்டு ஒவ்வொருவருக்கும் காட்சி, கேட்டல், வாசிப்பு, செயல் என்று ஒரு முத்திரை குத்தியது. விளைவாக, 'கேட்டல்' முத்திரை பெற்றவர்கள் குவிலென்ஸின் கதிர்ப்படத்தையே பார்க்காமல், அதன் விளக்கத்தை ஒலிப்பதிவில் கேட்டுப் புரிந்துகொள்ள வேண்டியிருந்தது. உளவியலாளர் ஹரால்ட் பாஷ்லர் உள்ளிட்ட நால்வர் ஆய்வுகளை அலசி, பாணிக்கேற்பக் கற்பித்தால் கற்றல் மேம்படும் என்பதற்குப் போதிய சான்று இல்லை என்று 2008-லேயே எழுதியிருந்தார்கள். அதை முன்பே படித்திருந்தால் எனக்கு ஒரு செமஸ்டர் மிச்சமாகியிருக்கும்.

இரண்டாம் செமஸ்டரில் முத்திரைகளைக் கைவிட்டு, ஒரே பாடத்தைக் காணொளி, உரைவடிவம், படம், பயிற்சி ஆகிய எல்லா வடிவங்களிலும் எல்லோருக்கும் திறந்து வைத்தேன். ஹெச்5பியின் ஊடாடும் காணொளி தன் மதிப்பைக் காட்டியது இங்கேதான். ஒளிவிலகலைப் பற்றிய ஒன்பது நிமிடக் காணொளியில், கதிர் காற்றிலிருந்து கண்ணாடிக்குள் நுழையும் கணத்தில் படம் நின்று, அது செங்குத்துக்கோட்டை நோக்கி வளையுமா, விலகிச் செல்லுமா என்று கேட்கும். தவறான விடை தந்தால், நாம் முன்கூட்டியே குறித்துவைத்த இடத்துக்கு மாணவரைத் திருப்பி அனுப்பும். "வகுப்புல உங்கள நிறுத்த முடியாது சார், இத நிறுத்தலாம்" என்று கடைசி வரிசை மாணவர் ஒருவர் சொன்னதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன். பாடங்களை மூடில் செயலியில் இறக்கிவைத்து இணையம் இல்லாத நேரத்தில் பார்க்க முடிவதும் பலருக்கு உதவியது.

இதற்கு நாம் கொடுக்கும் விலை நேரம்தான். அந்த ஒன்பது நிமிடத்துக்குக் கேள்விகளை அமைத்து முடிக்க ஒரு மாலைப்பொழுது முழுவதும் செலவானது. வசனவரிகளுக்காகத் தானியங்கிச் சேவை ஒன்றை நம்பியது அதைவிடப் பெரிய தவறு. அது 'ஒளிவிலகல்' என்பதை 'ஒலி விலகல்' என்றும், 'அலைநீளம்' என்பதை 'அலை நீலம்' என்றும் எழுதித் தள்ளியது. காதால் கேட்பவர்கள் சிரித்துவிட்டுக் கடந்தார்கள். ஆனால் வசனவரிகளை மட்டுமே நம்பியிருந்த, செவித்திறன் குறைந்த மாணவி ஒருவர், 'அலை நீலம்' என்பது நீல ஒளிக்குரிய கலைச்சொல் என்று எண்ணிக் குறிப்பேட்டில் அடிக்கோடிட்டு வைத்திருந்தார். அதைப் பார்த்த நாளிலிருந்து ஒவ்வொரு வரியையும் நானே திருத்திய பிறகுதான் பதிவேற்றுகிறேன்.

கருத்து விளக்கத்துக்கும் மீள்பார்வைக்கும் மூடில், ஹெச்5பி இணையை மற்ற ஆசிரியர்களுக்குத் தயங்காமல் பரிந்துரைப்பேன்; ஒரே நேரத்தில் எல்லாப் பாடங்களையும் மாற்ற முயலாமல், மாணவர்கள் வழக்கமாகத் தடுமாறும் இரண்டு மூன்று தலைப்புகளில் தொடங்குவது நல்லது. செய்முறைக்கு இது போதாது. ஒளியை நிறங்களாகப் பிரித்து அளக்கும் நிறமாலைமானியின் திருகை மெல்லத் திருப்பி, குறுக்குக் கம்பியின் மேல் நிறமாலைக் கோட்டைக் கொண்டுவந்து நிறுத்தும் கைப்பழக்கம் எந்தக் காணொளியிலும் வராது. அந்தப் பாடத்துக்கு இன்னும் ஆய்வகச் சாவியைத்தான் எடுத்துக்கொண்டு போகிறேன்.