அமெரிக்கப் பயண விசா: ஆறு வருடம், மூன்று நேர்முகம்

2018 இல் முதல் தடவை விண்ணப்பித்தேன்; மறுத்துவிட்டார்கள். அடுத்த வருடம் கிடைத்தது. 2024 இல் மறுபடி எடுத்தேன். இடையில் இரண்டு பயணம். யாழ்ப்பாணத்தில் யாராவது பி1/பி2 (வியாபார, சுற்றுலாப் பயண விசா) என்று கதையெடுத்தால் என்னிடம்தான் அனுப்பிவைக்கிறார்கள். அதனால் எழுதியே வைக்கிறேன்.

முதல் பிழை என்னுடையதுதான். டிஎஸ்-160 என்ற இணைய விசா விண்ணப்பப் படிவத்தை நிரப்பப் பயந்து, டவுனில் ஒரு கொமினிகேசன் கடையில் கொடுத்தேன். நீங்கள் அமெரிக்காவில் நிரந்தரமாகக் குடியேற உங்களுக்காக யாராவது மனு போட்டிருக்கிறார்களா என்று அதில் ஒரு கேள்வி வரும். நியூஜேர்சி அக்கா 2009 இலேயே எனக்குப் போட்டிருந்தார். சகோதர வகுப்பு, 15 வருடம் தாண்டியும் இழுபடும் வரிசை. "ஓம் எண்டு போட்டா வெட்டிப்போடுவாங்கள் அண்ணை" என்று கடைத் தம்பி ‘இல்லை’யை அமத்திவிட்டான். நானும் வாய் திறக்கவில்லை.

கொழும்பு அமெரிக்கத் தூதரக நேர்முகத்தில் முதல் கேள்வியே அதுதான். மனு விவரம் அவர்களுடைய திரையில் இருக்காதா என்ன! படிவத்தில் பிழையாகப் போய்விட்டது என்று அந்த இடத்திலேயே ஒத்துக்கொண்டேன். 214(பி) என்ற தாள் கையில் வந்தது. நீ திரும்பி வருவாய் என்ற நம்பிக்கை வரவில்லை என்பதுதான் அதன் சாரம். மறுபடி விண்ணப்பிக்கலாம். வேண்டுமென்றே பொய் சொன்னதாகப் பதிந்திருந்தால் வாழ்நாள் தடை. நினைத்தால் இப்போதும் வயிற்றைக் கலக்கும்.

அடுத்த முறை இரண்டு இரவு குந்தியிருந்து நானே நிரப்பினேன். 20 நிமிடம் தொடாமல் விட்டால் தளம் வெளியே தள்ளிவிடும். விண்ணப்ப எண்ணைக் கொப்பியில் எழுதிக்கொள்ளுங்கள். மனு? ஓம். முன்பு மறுத்தார்களா? ஓம். பெயரும் கவனம்: எங்கள் பாஸ்போட்டில் குடும்பப் பெயர் இருக்கவேண்டிய இடத்தில் அப்பாவின் பெயர் இருக்கும். அப்படியே போடுங்கள்.

காணி உறுதி, அதற்கு மொழிபெயர்ப்பு, கிராம சேவையாளர் கடிதம், அக்காவின் வங்கிக் கணக்கு என்று தலையணை மாதிரி ஒரு ஃபைல். கொழும்புக்கு 400 கிலோமீற்றர், இரவு பஸ்ஸில் மடியிலேயே வைத்திருந்தேன். யாரும் திறந்து பார்க்கவில்லை. என்ன தொழில், எத்தனை நாள், யாரிடம், கடையை யார் பார்ப்பது? இரண்டு நிமிடம்கூட இல்லை. "அச்சகம். மூன்று கிழமை. ஐப்பசியில் கலண்டர் வேலை தொடங்கும், அதற்குள் வந்துவிட வேண்டும்" என்றேன். விசா அதிகாரி சிரித்துவிட்டு பாஸ்போட்டை எடுத்துக்கொண்டார்.

ஐந்து வருட விசா என்றால் ஐந்து வருடம் தங்கலாம் என்று எங்கள் ஒழுங்கையில் பாதிப் பேர் நம்புகிறார்கள். இல்லை. தங்கும் காலத்தை அங்கே விமான நிலையத்தில்தான் தீர்மானிப்பார்கள். எனக்கு ஆறு மாதம் தந்தார்கள். 2023 இல் அதே விசாவில் அச்சு இயந்திரக் கண்காட்சிக்கும் போனேன். பார்க்கலாம், விலை பேசலாம், ஓர்டர் கொடுக்கலாம். அங்கே சம்பளத்துக்கு வேலை செய்யத்தான் கூடாது.

விண்ணப்பக் கட்டணம்தான் கசக்கிறது. முதலில் 160 டொலர், அன்றைக்கு ஏறத்தாழ 25 ஆயிரம் ரூபாய். கடைசியாகக் கட்டியது 185 டொலர். 55 ஆயிரத்தைத் தொட்டது. மறுத்தாலும் திரும்பி வராத காசு.

2024 படிவத்திலும் மனுக் கேள்விக்கு ‘ஓம்’தான் போட்டேன். அக்காவின் மனு அப்போதும் வரிசையில்தான் நின்றது.