மண்டபத்துப் புத்தகக் கடையில் ஆங்கில டிக்‌ஷனரி வாங்கப் போகிறவர்கள் ஒரு நிமிடம் படியுங்கள்

போன வாரம் பக்கத்து ஊருக்குப் போனபோது அதே மஞ்சள் பேனர் கண்ணில் பட்டது, மாபெரும் புத்தகத் திருவிழா, 50% தள்ளுபடி. கல்யாண மண்டபத்தைப் பத்து நாளைக்கு வாடகைக்கு எடுத்து விற்பார்களே, அந்த வகைக் கடை. எங்கள் ஊரில் ஒரே வாரத்தில் என்னை இரண்டு முறை ஏமாற்றியவர்கள் இவர்கள்தான், அதனால் இதை எழுதுகிறேன்.

தங்கச்சி நர்ஸ். வெளிநாடு போகிறவர்கள் எழுதும் ஐஇஎல்டிஎஸ் என்ற ஆங்கிலத் தேர்வுக்குத் தயாராகிக்கொண்டிருந்தாள். ‘அட்வான்ஸ்டு லேர்னர்ஸ் டிக்‌ஷனரி’ (ஆங்கிலம் கற்கிறவர்களுக்கென்றே போட்ட அகராதி) ஒன்று வாங்கிக்கொள் என்று கோச்சிங் மிஸ் சொன்னார்களாம். நான் போய்க் கேட்டதும் கடைக்காரர் செங்கல் கனத்தில் ஒன்றை எடுத்து வைத்தார். “வெப்ஸ்டர் சார். அமெரிக்காக்காரன் போட்டது. இதுக்கு மேல அட்வான்ஸ்டு கிடையாது.” கெட்டி அட்டை, தங்க எழுத்து, 600 ரூபாய். சரி என்று வாங்கிவிட்டேன்.

தங்கச்சி கட்டுரையில் ‘டாக்டர் சஜெஸ்டட் மீ டு டேக் ரெஸ்ட்’ என்று எழுதியதை மிஸ் சிவப்பில் சுழித்திருந்தார்கள். ஏன் தப்பு என்று பார்க்கத்தான் அன்றைக்கு ராத்திரி புத்தகத்தைத் திறந்தாள். ‘சஜெஸ்ட்’ என்ற சொல்லுக்கு அதே பொருளில் நாலு சொல் போட்டிருந்தது, அவ்வளவுதான். அதற்குப் பின்னால் ‘மீ டு’ வராது, ‘தட்’ வரவேண்டும் அல்லது ‘இங்’ சேர்ந்த வினை வரவேண்டும் என்பதுதானே படிக்கிற பிள்ளைக்கு வேண்டியது? அது எங்கேயும் இல்லை. சந்தேகப்பட்டு ‘கம்ப்யூட்டர்’ எடுத்துப் பார்த்தாள். கணக்குப் போடுகிறவர் என்று இருந்தது! இயந்திரம் என்ற பேச்சே இல்லை. காப்புரிமை எப்போதோ முடிந்துபோன பழைய அகராதியை அப்படியே அச்சடித்துப் புது அட்டை போட்டிருக்கிறார்கள்.

வெப்ஸ்டர் என்ற பெயரை மட்டும் பார்த்து வாங்காதீர்கள். நோவா வெப்ஸ்டர் தன் பெரிய அகராதியை வெளியிட்டது 1828இல். அந்தப் பெயர் இன்றைக்கு அமெரிக்காவில் யாருக்கும் தனிச் சொத்து இல்லை, யார் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம். அவர் வழியில் வந்த கம்பெனி மெரியம்-வெப்ஸ்டர். நல்ல அகராதிதான், ஆனால் அவர்களிடமும் கற்கிறவர்களுக்கென்று தனிப் புத்தகம் இருக்கிறது, அதைத்தான் கேட்டு வாங்க வேண்டும்.

மறுநாள் சண்டைக்குப் போனேன். ஆள் கோபமே படவில்லை, அங்கேதான் நான் மயங்கினேன். “மாத்தித் தர்றேன் சார், ஒரு 350 மட்டும் சேர்த்துக் குடுங்க” என்று ஆக்ஸ்போர்டு அட்வான்ஸ்டு லேர்னர்ஸ், 2020இல் வந்த பத்தாம் பதிப்பு என்று ஒன்றை நீட்டினார். பிளாஸ்டிக் உறை வேறு. பில் கேட்டதற்கு மெஷின் ரிப்பேர் என்றார்.

வீட்டில் உறையைக் கிழித்தால் மை வாடை, ஒரு பக்கத்து எழுத்து மறுபக்கம் தெரிகிறது, படப் பக்கங்கள் எல்லாம் சேறு பூசின மாதிரி. அகராதியைச் செல்போனிலும் பார்க்கப் புத்தகத்தில் கொடுத்திருந்த குறியீட்டை அடித்தால் செல்லாது என்றது. எஸ் எழுத்தில் 32 பக்கம் காணோம், அந்த இடத்தில் முந்தைய 32 பக்கமே திரும்ப வருகிறது. காணாமல் போன பக்கங்களில்தான் ‘சஜெஸ்ட்’ இருந்திருக்க வேண்டும், தங்கச்சி சிரிக்கிறாள், எனக்கு வயிறு எரிகிறது. பக்கா திருட்டு அச்சு. மூன்றாவது நாள் போனால் மண்டபத்தில் காதுகுத்து நடக்கிறது, கடையைக் காணோம்.

இந்த ஆக்ஸ்போர்டு அகராதியின் கதையே வேறு. ஜப்பானில் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்த ஏ. எஸ். ஹார்ன்பி, தன் மாணவர்கள் எங்கே தடுக்கி விழுகிறார்கள் என்று பார்த்துப் பார்த்து, இரண்டு பேரைக் கூட்டுச் சேர்த்துக்கொண்டு செய்தது. முதலில் அங்கேதான் 1942இல் வந்தது, ஆக்ஸ்போர்டு போட்டது 1948இல். ஆங்கிலம் தாய்மொழியாக இல்லாத நம்மைப் போன்றவர்களுக்கென்றே எழுதியது என்பதால்தான் இந்த வகைக்கு மதிப்பு. இதே வகையில் வேறு அகராதிகளும் உண்டு: லாங்மேன் சுமார் 2,000 எளிய சொற்களை வைத்தே பொருள் சொல்கிறது, கோபில்ட் முழு வாக்கியமாகவே சொல்லிவிடும். எனக்குப் பிடித்தது லாங்மேன், தங்கச்சிக்கு கோபில்ட். ஆக்ஸ்போர்டும் லாங்மேனும் கேம்பிரிட்ஜும் இணையத்தில் இலவசமாகவே, உச்சரிப்போடு கிடைக்கின்றன, முதலில் அங்கே கொஞ்ச நாள் புழங்கிப் பார்த்துவிட்டுக் காசைச் செலவழியுங்கள்.

புத்தகமாகத்தான் வேண்டும் என்றால் உறையைப் பிரித்துக் காட்டச் சொல்லுங்கள், மாட்டேன் என்றால் நகர்ந்துவிடுங்கள். ‘ஃபர்னிச்சர்’ எடுத்துப் பாருங்கள், பன்மை வராது என்பதற்கு ஏதாவது குறி இருக்க வேண்டும். அப்புறம் ‘டிஸ்கஸ்’, பின்னால் ‘அபௌட்’ போடாத உதாரண வாக்கியங்கள் இருக்க வேண்டும். பில் இல்லாமல் வாங்காதீர்கள்.

அந்த வெப்ஸ்டர் இப்போது அந்தப் பக்கத்து ஊர் மண்டபத்தில் புதுசாக அடுக்கில் நிற்கும். முதல் பக்கத்தில் தங்கச்சி பச்சை மையில் தன் பெயர் எழுதியிருப்பாள், கிழித்திருக்காவிட்டால் பார்க்கலாம்.